"அப்போ மாசிலாமணி யாரு கட்டுனது?"

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் எங்கள் தரங்கம்பாடியைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையின் படம் பெரிதாக, காலை வெயிலில், ஆள் நடமாட்டமே இல்லாமல். டீக்கடையில் நான்கு பேர் சேர்ந்து படித்தோம். எழுதியவர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார். ஆண்டுகள் சரி, ராஜாக்களின் பெயர்கள் சரி. படித்து முடித்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஏண்ணே, இதுல நம்ம ஆளு ஒருத்தர்கூட வரலையே?" அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். வெட்டித்தான் போட வேண்டும் என்றால் ரயில் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. மைக் செட் போடுகிறவன். 1984இல் தொழிலுக்கு வந்தேன். முதல் ஆம்ப்ளிஃபையரை மாயவரத்தில் பழையதாக வாங்கி, சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஊர் வந்து சேர்ந்தேன். (மயிலாடுதுறை என்று பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகிறது, எங்கள் வாயில் இன்னும் மாயவரம்தான்.) ஆமாம், அப்போது எங்கள் ஊருக்கு ரயில் இருந்தது. 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, முப்பது கிலோமீட்டர். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகக் கடல் ஓரம் வந்து நிற்கும். நடந்து வருகிறவர் ஓடிப் பிடிக்கலாம், அந்த வேகம். அகூஜா கம்பெனி ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் வால்வு உடைந்துவிடுமோ என்று பயந்துகொண்டே வந்தேன். இரண்டு வருடத்தில், 1986இல், ரயிலை நிறுத்திவிட்டார்கள். உங்கள் கட்டுரையில் டென்மார்க்கிலிருந்து வந்த கப்பல் இருக்கிறது, இந்த ரயில் இல்லை. எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் ரயிலைத்தான் சொல்வார்கள். அப்புறம்தான் கோட்டை.

மைக் செட் காரன் எல்லாக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவான். ஜூலை 9 என்றால் ஜெர்மனிக்காரரான மிஷனரி சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய நாள், ராஜா வீதியில் புதிய எருசலேம் ஆலயத்தில் ஆராதனை, அதற்கு நான். ஆடியில் மீனவர் தெரு அம்மனுக்குத் திருவிழா, அதற்கும் நான். பக்கத்து ஊர் தர்கா கந்தூரி, கோயில் தீமிதி, அறுப்பின் பண்டிகை, காதுகுத்து, கட்சிக் கூட்டம், பஞ்சாயத்தார் கூடிப் பேசும் கூட்டம், இறப்பு அறிவிப்பு எல்லாமே என் வண்டியில்தான் போய்வரும். பிப்ரவரி 22 தில்லையாடி வள்ளியம்மையின் நினைவு நாள். அதற்கு ஒன்றிரண்டு வருடம் போய் வந்திருக்கிறேன். கடலோரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவது தனிக் கலை. கச்சான், அதாவது மேல்காற்று, அடித்தால் சத்தம் கடலுக்குள் போய்விடும், மேடைக்கு எதிரே இருப்பவனுக்கே கேட்காது. உப்புக் காற்றில் ஸ்பீக்கர் யூனிட் ஒரு வருடம் தாங்கினால் அதிர்ஷ்டம். இப்போது கூம்புக்குத் தடை, பாக்ஸ் மட்டும்தான். காவல் துறைக்கு நல்லது, காற்றுக்கு எதிரே பேசுகிறவருக்குக் கஷ்டம்.

இத்தனை வருடம் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். மேடையில் பேசுகிற வரலாறு ஒன்று. மேடைக்கு ஏறாமல் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வெற்றிலையை மென்றுகொண்டே பேசுகிற வரலாறு இன்னொன்று. இரண்டையும் ஒரே வயரில் இணைக்க எனக்கு இன்றுவரை வழி கிடைக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். கோட்டைக்கு எதிரே உள்ள திடலில் பாரம்பரிய விழா. நடத்தியவர்கள் வெளியூர்க்காரர்கள், பெயர் வேண்டாம். ஏற்பாட்டில் குறையில்லை. வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகள், தண்ணீர் பாட்டில்கள், எனக்கு முன்பணம்கூடக் கொடுத்தார்கள். மாலை நான்கு மணிக்குத் தொடக்கம். நான்கு மணிக்குப் படகு கரையேறுகிற நேரமா, வலை பிரிக்கிற நேரமா என்று யாரும் எங்கள் ஆட்களிடம் கேட்கவில்லை. முன்வரிசை நிறைய விருந்தினர்கள், பின்வரிசை நிறைய வெறும் நாற்காலி. தொகுத்து வழங்கிய தம்பி நல்ல குரல் வளம் உள்ளவர். மைக்கைப் பிடித்ததும் முதல் வாக்கியமே, "1620ஆம் ஆண்டு பிறந்த இந்த அழகிய நகரம்..." என்று ஆரம்பித்தார்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். மீனவர் தெரு, எண்பது வயதுக்குக் குறையாது. கட்டுமரக் காலத்து ஆள், தோள்பட்டை இன்னும் அப்படியே பலகை மாதிரி இருக்கும். குனிந்து என் காதருகே கேட்டார்: "ஏந்தம்பி, 1620ல பொறந்துச்சுன்னா, அப்போ மாசிலாமணி யாரு கட்டுனது?"

கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அலை வந்து காலடியில் மோதுகிற மாசிலாமணிநாதர் கோயிலைத்தான் சொன்னார். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது. கணக்குப் போட்டால் டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்னூறு வருடத்துக்கும் மேலே. அங்கே உள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் 'சடங்கன்பாடி' என்றும் 'குலசேகரன்பட்டினம்' என்றும் இருக்கிறது. பட்டினம் என்று ஒரு ராஜா தன் பெயரை வைக்கிறான் என்றால் அங்கே கப்பலும் சரக்கும் வணிகர்களும் இருந்திருக்க வேண்டும். காலி மணலுக்கு யார் பட்டினம் என்று பெயர் வைப்பார்கள்? டேனிஷ்காரர்கள் இங்கே இடம் கேட்டதே ஏற்கெனவே நடமாட்டம் உள்ள கரை என்பதால்தான்.

இந்த இடத்தில் உங்கள் கட்டுரையில் ஒரு சின்னத் திருத்தம். 'பாடும் அலைகளின் ஊர்' என்று பெயருக்குப் பொருள் சொல்லியிருந்தீர்கள். எல்லாரும் சொல்வதுதான், சுற்றுலாப் பலகையிலும் இருக்கிறது. கேட்க அழகாக இருக்கிறது, மறுக்க மனம் வரவில்லை. ஆனால் பாடி என்றால் ஊர், குடியிருப்பு. வாணியம்பாடியிலும் காட்பாடியிலும் யாரும் பாடிக்கொண்டிருக்கவில்லை. அதேபோல 'ஓசோன் அதிகமுள்ள கடற்கரை' என்று ஒரு பெருமை சுற்றிக்கொண்டிருக்கிறது. மூச்சு விடுகிற உயரத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் நெஞ்சுக்குக் கெடுதல் என்று என் பேத்தியின் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நல்ல காற்று என்று சொன்னால் போதாதா, எங்கள் காற்று உண்மையிலேயே நல்ல காற்றுதான்.

சரி, விழாவுக்கு வருகிறேன். அந்தப் பெரியவரை மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசவைக்கலாமே என்று ஏற்பாட்டாளர் ஒருவரிடம் நானே போய்க் கேட்டேன். "நிகழ்ச்சி நிரல் முடிவாகிவிட்டது ஐயா, வேண்டுமானால் கடைசியில் இரண்டு நிமிடம்" என்றார். கடைசி வரவில்லை. நன்றியுரைக்குப் பிறகு நாட்டுப்புற நடனம், அதற்குப் பிறகு புகைப்படம், அப்புறம் கலைந்துவிட்டார்கள். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பெரியவர் ஒரு வெள்ளைத் துணி நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் இல்லாத திடலைப் பார்த்து, என்னிடம் பேசினார். அவருடைய தாத்தா சொன்னதாக, கோயிலுக்கு முன்னால் இன்னும் மண்டபமும் மதிலும் இருந்ததையும், கடல் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டதையும், நீர் வற்றுகிற நாளில் உள்ளே நடந்தால் காலில் கல் தட்டும் என்பதையும். மைக் ஆஃப் ஆகியிருந்தது. அவர் இப்போது இல்லை.

எனக்கு இதில் கோபம் எதுவும் இல்லை என்று சொன்னால் பொய். டேனிஷ் வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதையும் சரியாகவே சொல்லிவிடுகிறேன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, ஓவே ஜெட்டே என்ற தளபதி தலைமையில் வந்தவர்கள் கோட்டை கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் ஊரைப் பற்றிய தமிழ்க் கடிதம், தங்கத்தில், அங்கே! இங்கே அதன் அச்சுப் பிரதியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அப்புறம் 1845இல் அவர்கள் ஊரைப் பிரிட்டிஷாரிடம் விற்றுவிட்டார்கள். வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். விற்ற அன்று ஊரில் இருந்தவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்று நான் சில நாள் யோசிப்பதுண்டு. மாட்டை விற்கும்போதுகூட மாட்டுக்குத் தெரியும்படி முதுகில் தட்டுவார்கள்.

விற்ற பிறகு சில வருடம் தஞ்சைக் கலெக்டர் கச்சேரியே இங்கேதான் இருந்தது. இன்று ஒரு மனு கொடுக்க மாயவரத்துக்குப் பேருந்து ஏறுகிற எங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, கப்பல்கள் அங்கே போய்விட்டன, எங்கள் துறைமுகம் படுத்துவிட்டது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக உட்கார்ந்த கோர்ட்டும் ஒருகாலத்தில் இந்த ஊரில் இருந்தது. இவையெல்லாம் ஒரு பத்தியில் சொல்லி முடிக்கிற விஷயங்கள்தான். ஆனால் எந்த விழா மேடையிலும் கேட்டதில்லை. 1845 என்றதும் எல்லாரும் கதையை முடித்து மைக்கைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கவர்னர் கப்பல் ஏறியதோடு ஊரும் கப்பல் ஏறிவிட்ட மாதிரி.

சீகன்பால்கு ஐயர் விஷயத்தை வேறுவிதமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரை நாங்கள் உண்மையாகவே நேசிக்கிறோம், எந்தக் கோயில் ஆளாக இருந்தாலும். 1706இல் புளுட்சோ என்ற இன்னொரு மிஷனரியோடு வந்து இறங்கினார். இங்கே அச்சகம் வைத்தார், ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் நிறையச் செலவானது, அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள், அதற்கு ஈயம் பாலாடைக்கட்டி வந்த டப்பாவிலிருந்து கிடைத்தது என்று ஆலய விழாவில் ஒரு வருடம் போதகர் சொன்னார். பழைய யூனிட்டைப் பிரித்துப் புது யூனிட் செய்கிற ஆள் நான், எனக்கு அந்த டப்பாக் கதை ரொம்பப் பிடித்தது. புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி முடிந்தது. 1719இல் முப்பத்தாறு வயதில் அவர் இறந்துவிட்டார், தான் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம். அந்த வயதில் நான் மூன்றாவது ஆம்ப்ளிஃபையர் வாங்கத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

அவருக்குச் சிலை இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. நல்லது. ஆனால் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்? வயதான ஒரு வாத்தியார், தன் பள்ளிப் பிள்ளைகளோடு அவர் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தினார். ஐரோப்பாவில் படித்து வந்த மனிதர் குழந்தைகளோடு குழந்தையாக மணலில் விரலால் ஆனா ஆவன்னா எழுதினார். அழகப்பன் என்ற துபாஷி, பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர், பேச்சுக்குப் பேச்சு மொழிபெயர்த்து உதவினார். வாத்தியாருக்கு ஒரு கல்கூட இல்லை. 'இந்த இடத்தில் ஒரு தமிழ் வாத்தியார் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்' என்று ஒரு பலகை வைத்தால் எவ்வளவு செலவாகும்? என் சீரியல் விளக்கு செட்டு ஒருநாள் வாடகைக்குள் அடங்கும்.

இனி நான் எழுதத் தயங்குகிற விஷயம். என்னிடம் கேசட்டுகள் இருந்தன. தொண்ணூறுகளில் ஆம்ப்ளிஃபையரோடு ஒரு டேப் ரெக்கார்டரை இணைத்து, கூட்டங்களைப் பதிவு செய்வேன். முதலில் வியாபாரத்துக்குத்தான், கல்யாண வீட்டார் கேட்பார்கள். அப்புறம் பழக்கமாகிவிட்டது. கூட்டம் முடிந்து பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதையும் ஓடவிடுவேன். 1915இல் காந்தி தில்லையாடிக்குப் போகிற வழியில் எங்கள் ஊருக்கு வந்தாரே, அன்றைக்குத் தன் அப்பா கூட்டத்தில் நின்று பார்த்ததை ஒரு பாட்டி சொன்னது ஒன்று. பாய்மரத்தில் போன காலத்தில் கரை தெரியாத இடத்தில் எந்தக் கோபுரத்தை எதற்கு நேராக வைத்துத் திரும்புவது என்று இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டது ஒன்று. ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர் கடைசி வண்டி போன நாளைச் சொன்னது ஒன்று. அறுபது கேசட்டுக்கு மேல்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். காலையில் ராஜா வீதியில் ஆலயத்து முகப்பில் ஏணி போட்டுச் சீரியல் செட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அன்றைய காலையைப் பற்றி எழுத மாட்டேன். உங்கள் பத்திரிகையே அப்போது நிறைய எழுதியது. அடுத்த ஒரு வாரம் எனக்கு இருந்த ஒரே வேலை மைக்கில் பெயர் வாசிப்பது. கிடைத்தவர்கள் பெயர், தேடுகிறவர்கள் பெயர், எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் இருக்கிறார்கள், எங்கே கஞ்சி ஊற்றுகிறார்கள். கோயிலுக்கும் ஆலயத்துக்கும் கந்தூரிக்கும் மாறி மாறிப் போட்ட அதே மைக். ஒரே பெயரை மூன்று நாள் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். கடைசியில் அந்த வீட்டாரே வந்து, போதும் தம்பி, இனிமேல் வாசிக்க வேண்டாம் என்றார்கள்.

கடையில் தண்ணீர் புகுந்திருந்தது. பரணில் வைத்திருந்த ஒரு அட்டைப் பெட்டி மட்டும் தப்பியது, பதினான்கு கேசட். அதில் அந்தப் பெரியவரின் பேச்சு இல்லை. பாய்மரச் சண்டை இருக்கிறது. கேங்மேன் இருக்கிறார். பாட்டி போய்விட்டாள்.

இதைப் படித்துவிட்டு யாராவது கேசட்டுக்கு ஆசைப்பட்டு விலை பேச வர வேண்டாம். நான் கேட்பது வேறு. பொறையாரில் கல்லூரி இருக்கிறது, வரலாறு படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலு பிள்ளைகள் ஒரு வாரம் வந்து உட்கார்ந்தால் பதினான்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். நாடா பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஓட்டினால் ஒருமுறைதான் ஓடும் என்று நினைக்கிறேன், அதனால் நானே போட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டேன். அதே பிள்ளைகள் கையில் கைபேசியோடு மீனவர் தெருவிலும் முஸ்லிம் தெருவிலும் ஆலயத்து வீதிகளிலும் எண்பது தாண்டியவர்களைப் பிடித்தால், ஒரு கோடை விடுமுறைக்குள் என் அறுபது கேசட்டைவிட அதிகம் சேர்ந்துவிடும். வீடுகளில் படங்களும் இருக்கின்றன. ரயில் நிலையத்தில் நின்று எடுத்த குடும்பப் படம் மட்டும் நான் மூன்று வீட்டில் பார்த்திருக்கிறேன்.

கோட்டை அருங்காட்சியகத்தில் பீங்கானும் காசும் ஆவணமும் வைத்திருக்கிறார்கள். அதில் எதையும் எடுக்க வேண்டாம். ஒரு சுவர் கொடுத்தால் போதும். சடங்கன்பாடிக் கல்வெட்டின் வாசகம் பெரிய எழுத்தில், தங்க ஓலையின் படம், அதைப் படித்துச் சொல்கிற ஒரு தமிழ்ப் பிரதி, அப்புறம் ரயில், வள்ளம், வலை, 2004இல் போனவர்களின் பெயர்கள். கோட்டைக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்காம் கிறிஸ்டியனின் பெயரை எழுதிக்கொண்டு போகிறார்கள். தங்கள் தாத்தாவின் படகை அங்கே பார்த்தால் இன்னொரு முறை வருவார்கள், வீட்டிலிருந்து ஆளையும் இழுத்துக்கொண்டு.

விழா நடத்துகிறவர்களுக்கும் தொழில் முறையில் நான்கு வார்த்தை. தை மாதம் காணும் பொங்கலுக்கு ஊரே கூட்டம், அப்போது வைக்காதீர்கள், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும், ஆட்கள் வலை பொத்திக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கையில் காசு இல்லாத காலம், ஆனால் நேரம் உண்டு. வெயிலுக்குப் பயந்தால் மாலை ஆறரைக்கு மேல் தொடங்குங்கள். மேடையைக் கடலுக்கு முதுகு காட்டி வைக்காதீர்கள். படம் அழகாக வரும், மைக்கில் காற்றுதான் பேசும். நாற்காலிக்கு வெள்ளைத் துணி வேண்டாம், எங்கள் ஆட்கள் அழுக்காகிவிடுமோ என்று பயந்து உட்கார மாட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் 'உள்ளூர்ப் பெரியவர் ஒருவர்' என்று போடாதீர்கள். முன்னாடியே வீட்டுக்குப் போய், பஞ்சாயத்தாரிடம் சொல்லி, வெற்றிலை பாக்கு வைத்து, பெயர் சொல்லி அழையுங்கள். வருவார்கள். முதலில் பேசவிடுங்கள், கடைசியில் இல்லை. ஒருவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர் "அப்படி இல்லப்பா" என்று குறுக்கே வருவார். வரட்டும். இரண்டாவது மைக் ஒன்று தயாராக வைத்திருப்பேன்.

அப்படி ஒரு மாலை யார் நடத்தினாலும் சரி, பேரூராட்சியோ கல்லூரியோ இளைஞர் மன்றமோ, மைக் செட்டுக்கு வாடகை வேண்டாம். நான்கு பாக்ஸ், இரண்டு மைக், லைட் எல்லாம் நானே கொண்டுவந்து கட்டி அவிழ்த்துக்கொள்கிறேன். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசல் மட்டும் போட்டுக்கொடுங்கள்.

இப்படிக்கு,
மைக் செட் காரர் ஒருவர்,
தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டம்.